ஷாப்லி: உறைபனியின் விளிம்பில் விளையும் வெள்ளை ஒயின்

குளிர்காலம் தொடங்கியதும் பாரிஸ் நகரின் உணவகங்கள் சிலவற்றின் வாயிலில் சிப்பிக் கடைகள் விரியும். நொறுக்கிய பனிக்கட்டியின்மேல் ஓடு மூடிய சிப்பிகள் அடுக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் சிறு கத்தியால் ஓட்டை நெம்பித் திறந்து, பாதி ஓட்டிலேயே சிப்பியைக் கிடத்தி, எலுமிச்சைத் துண்டுடன் தட்டில் வைத்துத் தருவார். அந்தத் தட்டுடன் மேசைக்கு வரும் ஒயின் பெரும்பாலும் இரண்டு மூன்று பெயர்களுக்குள் அடங்கிவிடும். அவற்றுள் உலகெங்கும் அறியப்பட்ட பெயர் ஷாப்லி. இளம்பச்சை கலந்த பொன்னிறம், எலுமிச்சையையும் பச்சை ஆப்பிளையும் நினைவூட்டும் புளிப்பு, இனிப்பின் சாயலே இல்லாத முடிவு ஆகியவை இந்த வெள்ளை ஒயினின் அடையாளங்கள்.

எவரையும் அருந்தத் தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஓர் உணவுப்பொருளின் சுவையும் அதை விளைவிப்பவரின் வரவு செலவும் எவ்வளவு இறுக்கமாகப் பின்னிக் கிடக்கக்கூடும் என்பதற்கு, வேளாண் கடன் விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தென்படவில்லை என்பதே காரணம். ஷாப்லியின் மதிப்பு அதன் புளிப்பில் இருக்கிறது. அந்தப் புளிப்பைத் தருவது குளிர். அதே குளிர் சில ஆண்டுகளில் ஒரே இரவில் விளைச்சலைப் பறித்துக்கொண்டும் போகிறது. விளைவிப்பவருக்கு வாழ்வளிப்பதும் அவரை அச்சுறுத்துவதும் ஒன்றே.

ஊரும் மண்ணும்

பாரிசிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில், யோன் மாவட்டத்தில், செரன் என்னும் சிற்றாற்றின் கரையில் ஷாப்லி என்ற சிறிய ஊர் இருக்கிறது. புகழ்பெற்ற பர்கண்டி ஒயின் வட்டாரத்தின் வடகோடி இது. 1114 ஆம் ஆண்டில் அருகிலுள்ள பொன்டின்யியில் நிறுவப்பட்ட சிஸ்டர்சியத் துறவியர் மடம் இங்குத் திராட்சைப் பயிரை வளர்த்தெடுத்ததில் பெரும் பங்கு வகித்தது.

ஷாப்லி என்ற பெயரில் விற்கப்படும் ஒயின் முழுவதும் ஷார்டொனே என்னும் ஒரே திராட்சை வகையிலிருந்து வடிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். இதே திராட்சை கலிஃபோர்னியாவின் வெயிலிலோ ஆஸ்திரேலியாவின் வெயிலிலோ வளரும்போது மாம்பழம், அன்னாசி போன்ற கனிந்த மணங்களையும் கனத்த உடலையும் பெறும். ஷாப்லியில் அது மெதுவாகப் பழுக்கிறது. திராட்சையில் உள்ள மாலிக் அமிலம் வெப்பமான நாள்களிலும் இரவுகளிலும் விரைந்து எரிந்துபோகும். குளிர்ந்த இரவுகளில் அது பழத்திலேயே தங்கிவிடும். சர்க்கரை ஏறியும் புளிப்பு இறங்காத அந்தக் குறுகிய இடைவெளியில் பறிக்கப்படுவதால்தான் ஷாப்லிக்கு அதன் கூர்மை கிட்டுகிறது.

மண்ணைப் பற்றி அவ்வூரார் பெருமையுடன் கூறுவது மற்றொன்று. சரிவுகளின் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், அப்பகுதி கடலாக இருந்த காலத்தில் படிந்தவை. இங்கிலாந்தின் கடலோரச் சிற்றூர் ஒன்றின் பெயரால் இதைக் கிம்மரிட்ஜ் அடுக்கு என்பர். கல்லை உடைத்தால் காற்புள்ளி வடிவிலான சின்னஞ்சிறு சிப்பிகளின் புதைபடிவங்கள் கொத்துக் கொத்தாகத் தெரியும். சிப்பிப் பாறையில் வளர்ந்த ஒயின் சிப்பியுடன் பொருந்துகிறது என்ற கதை இங்கிருந்துதான் பிறந்தது. கேட்க இனிமையான கதை, விற்பனைக்கும் உதவுகிறது. ஆனால் கல்லின் சுவை வேர் வழியே பழத்திற்கு ஏறுவதில்லை என்பதே நிலவியலாளர் கூற்று. அந்த மண் செய்யும் நற்பணி வேறு: மழைநீரை வடியவிட்டும், வேண்டிய அளவு ஈரத்தைக் களிமண்ணில் தேக்கியும் கொடியை மிதமாக வளரச் செய்கிறது. சிப்பியுடனான பொருத்தத்திற்கான விடையை மண்ணில் தேடுவதைவிட நாவில் தேடுவதே தகும்.

சிப்பித் தட்டு முதல் கூஜேர் வரை

உப்பு, புளிப்பின் கூர்மையைத் தணிக்கும். மாங்காய்க் கீற்றில் உப்பைத் தொட்டுத் தின்ற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. கடல்நீரின் உப்பைத் தாங்கிய சிப்பியை உண்டபின் ஒரு மிடறு ஷாப்லி அருந்தினால், தனியே அருந்தும்போது நாவைக் கடித்த அதன் புளிப்பு மென்மையடைந்து உள்ளிருக்கும் பழமணம் வெளிப்படும். மறுபுறம், ஒயினின் புளிப்பு எலுமிச்சைச் சாற்றின் வேலையைச் செய்து சிப்பியின் வழவழப்பை நாவிலிருந்து கழுவிவிடும். இரண்டும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் ஏற்பாடு இது.

மீனுடன் ஏன் வெள்ளை ஒயின் என்ற கேள்விக்கும் வழக்கத்தைத் தாண்டிய விடை ஒன்று உண்டு. 2009 ஆம் ஆண்டில் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில் பல ஒயின்களைச் சிப்பியினக் கடலுணவுடன் சுவைத்துப் பார்த்தனர். ஒயினில் கரைந்துள்ள இரும்பின் அளவு கூடக்கூட, வாயில் எஞ்சும் மீன் கவிச்சியும் கூடியது. சிவப்பு ஒயின்களில் இரும்பு மிகுந்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், மரபாக வந்த விதி பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது.

எனினும் ஷாப்லியைச் சிப்பியுடன் மட்டும் கட்டிப்போடுவது அதற்கு நியாயம் செய்வதாகாது. கடல் அவ்வூரிலிருந்து வெகு தொலைவு. அவ்வூர் மக்களின் அன்றாட உணவு நிலத்தையும் கொட்டிலையும் சார்ந்தது. வெண்ணெய், மாவு, முட்டை, பாலாடைக்கட்டி ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்டெடுக்கும் கூஜேர் என்ற பொன்னிற உருண்டை பர்கண்டி முழுவதும் ஒயினுக்கு முன்னோடியாகப் பரிமாறப்படுவது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெற்றிடம். சூடாக இருக்கும்போதே தின்ன வேண்டும். இறைச்சி உண்ணாதவர்களில் முட்டைக்கு இசைவுள்ளோருக்கு இதைவிடச் சிறந்த துணை இல்லை என்பேன். கொழுப்பை அறுக்கும் புளிப்பு என்றால் என்ன என்பதை ஒரே கடியில் உணர்த்திவிடும்.

அதற்கு நேரெதிர், ஆந்துயெத். பன்றியின் குடலைக் கொண்டே குடலை நிரப்பிச் செய்யப்படும் இந்தத் தடித்த உணவுக்கு ஷாப்லியில் தனிப் பெயருண்டு. அதன் வாடை பிரெஞ்சுக்காரர்களையே இரண்டு கட்சிகளாகப் பிரித்துவிடும். நம்மூர்க் குடல் வறுவலை விரும்புவோரும் அஞ்சுவோரும் இருப்பது போலத்தான். அத்தகைய கனத்த, நெடிமிக்க உணவுக்கு எதிரே நிற்க மென்மையான ஒயின் உதவாது. சுருக்கென்ற புளிப்பே வேண்டும். வெள்ளாட்டுப் பால் கட்டிகளும், பக்கத்து வட்டாரத்தின் ஷாவூர்ஸ் என்னும் வெண்தோல் போர்த்த மென்மையான பசும்பால் கட்டியும் இதே காரணத்தால் பொருந்துகின்றன.

பொருந்தாதவற்றையும் குறிப்பிட வேண்டும். மிளகாய்க் காரம் மிகுந்த உணவுடன் அருந்தினால் ஒயினில் உள்ள சாராயம் காரத்தின் எரிச்சலை மேலும் ஏற்றிவிடும். இனிப்புப் பண்டத்துடன் அருந்தினால் ஒயின் வெறும் புளித்த நீராகத் தோன்றும். விருந்தின் இறுதியில் இனிப்பு வரும்போது ஷாப்லிக் கோப்பையை எடுத்துவிடுவதே முறை.

ஏப்ரல் இரவுகள்

சுவையின் கதை இவ்வளவு எளிது. விளைவிப்பவரின் கதை அப்படியன்று.

மார்ச் இறுதியில் கொடியின் மொட்டுகள் கம்பளி போன்ற மூடியைத் திறந்து பச்சைத் துளிரை நீட்டும். மூடியிருக்கும் மொட்டு ஓரளவு குளிரைத் தாங்கும். பச்சை தெரிந்துவிட்டால் பூச்சியத்திற்குக் கீழே இரண்டு பாகை அளவிலேயே கருகத் தொடங்கும். அன்று முதல் மே மாதத்தின் நடுப்பகுதி வரை ஷாப்லிக்கு உறக்கம் குறைவு. மே 11, 12, 13 ஆகிய நாள்களுக்குரிய புனிதர்களைப் பனிப் புனிதர்கள் என்றே அப்பகுதி உழவர் அழைப்பர். அவர்கள் கடந்து போனால்தான் ஆபத்து நீங்கியதாகக் கணக்கு. மேகமற்ற, காற்று அசையாத இரவே மிகவும் கொடியது. பகலில் நிலம் சேர்த்த வெப்பம் வானில் கரைந்துவிட, எடை மிகுந்த குளிர்காற்று சரிவுகளிலிருந்து வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கும்.

இதை எதிர்க்க அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று நெருப்பு. கொடி வரிசைகளுக்கிடையே ஒரு ஹெக்டேருக்குச் சில நூறு மெழுகு வாளிகளை வைத்து விடியும்வரை எரியவிடுவர். முன்பு எண்ணெய் அடுப்புகளை எரித்தனர். மற்றொன்று, முதன்முறை கேட்போர் நம்பத் தயங்குவது: உறைபனியைத் தடுக்கக் கொடிகளின்மேல் தண்ணீர் தெளிப்பது. ஒரு கிராம் நீர் பனிக்கட்டியாக மாறும்போது ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை வெளியிடும். தெளிப்பான்கள் ஓயாமல் நீரைத் தூவ, அது துளிரின்மேல் உறைந்துகொண்டே இருக்க, வெளியாகும் வெப்பம் உள்ளிருக்கும் துளிரைப் பூச்சியப் பாகையை ஒட்டியே வைத்திருக்கும். கண்ணாடிக் கூட்டுக்குள் பச்சைத் துளிர் பத்திரமாக இருக்கும். ஆனால் நடுவில் நீர் நின்றுவிட்டால், தொடங்காமலேயே இருந்திருப்பதைவிடக் கேடு பெரிதாகும். அதனால் சூரியன் ஏறிப் பனி உருகும்வரை நிறுத்த முடியாது. இந்தத் தேவைக்கென்றே அருகிலுள்ள பேன் என்ற சிற்றூரில் செயற்கை ஏரி ஒன்றை வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த முறைகள் பரவியது 1960களுக்குப் பிறகுதான். அதற்கு முந்தைய நிலையை எண்ணிப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யோன் மாவட்டத்தில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் திராட்சை இருந்தது. ஓசேர் நகரிலிருந்து ஆற்று வழியே படகில் பாரிசுக்கு ஒயின் சென்றது. பாரிசையும் தெற்கையும் இணைக்கும் ரயில் பாதை வந்ததும் தென்பகுதியின் மலிவு ஒயின் தலைநகரில் குவிந்தது. தொடர்ந்து சாம்பல் நோயும், வேரை உண்ணும் பில்லொக்சரா பூச்சியும், பின்னர் போரும் வந்தன. 1945, 1957 போன்ற ஆண்டுகளின் உறைபனி எஞ்சியிருந்த நம்பிக்கையையும் கரைத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஷாப்லியில் எஞ்சியது ஏறத்தாழ 500 ஹெக்டேர் மட்டுமே. இன்று 5,500 ஹெக்டேருக்கு மேல் பயிராகிறது. இந்த மீட்சியில் நெருப்புக்கும் நீருக்கும் முக்கிய இடமுண்டு.

ஆயினும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2016, 2017, 2021 ஆகிய ஆண்டுகளின் உறைபனி பெருஞ்சேதம் விளைவித்தது. 2021 ஏப்ரல் தொடக்கத்தில் ஷாப்லிச் சரிவுகளில் ஆயிரக்கணக்கான மெழுகுச் சுடர்கள் எரியும் படங்களை உலகெங்கும் நாளிதழ்கள் வெளியிட்டன, அழகான படங்கள். அவ்வெளிச்சத்தில் தம் ஆண்டு வருமானம் எரிவதைக் கண்டவர்களுக்கு அழகு தென்பட்டிருக்க வாய்ப்பில்லை. புவி வெப்பமாதல் இதைக் குறைக்கும் என எண்ணத் தோன்றும். நடப்பது வேறு: மார்ச் மாத வெப்பம் துளிர்ப்பை முன்னதாக்க, ஏப்ரலின் வழக்கமான குளிர் இளந்துளிரைப் பிடித்துக்கொள்கிறது. கோடையின் வெப்பமோ மறுமுனையில் புளிப்பைக் குறைக்கிறது. 2003 ஆம் ஆண்டின் கடும் வெயிலில் ஷாப்லியில் ஆகஸ்டு மாதமே அறுவடை தொடங்கியது. அவ்வாண்டு ஒயின்கள் அவ்வூர் மரபுக்குப் புறம்பாகக் கனத்துப் புளிப்புக் குன்றியிருந்தன. குளிர் மிகுந்தால் விளைச்சல் போகும். குளிர் குறைந்தால் பெயருக்குரிய சுவை போகும்.

தொட்டியில் ஒரு வைப்பு

ஷாப்லி நிலத்தில் ஹெக்டேருக்கு அனுமதிக்கப்படும் அடிப்படை விளைச்சல் 60 ஹெக்டோலிட்டர், அதாவது 8,000 புட்டிகள். உறைபனியால் அது 20 ஹெக்டோலிட்டராகக் குறைந்ததாகக் கொள்வோம். கவாத்துக்கும் உழவுக்கும் ஆன கூலி குறையாது. எஃகுத் தொட்டிகளின் தேய்மானம் குறையாது. கடன் தவணை குறையவே குறையாது. ஒரு புட்டியின் அடக்கவிலை மட்டும் ஏறத்தாழ மும்மடங்காகும். விலையை மும்மடங்காக்கினால் வாங்குவோர் வேறு ஊரின் ஒயினுக்குப் போய்விடுவர். மறு ஆண்டு திரும்பி வருவர் என்பதற்கு உறுதியில்லை. விளைச்சல் இழப்பைவிட அங்காடியை இழப்பதே நீண்டகாலக் காயம்.

இதற்கு ஷாப்லி கையாளும் ஏற்பாடு வங்கியாளர் எவரையும் புன்னகைக்க வைக்கும். நல்ல ஆண்டில், அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஒரு குறிப்பிட்ட வரம்பு வரை விளைவிப்பவர் கூடுதல் ஒயின் வடிக்கலாம். ஆனால் விற்கக் கூடாது. தொட்டியிலேயே இருக்க வேண்டும். பின்வரும் ஆண்டில் உறைபனியோ ஆலங்கட்டி மழையோ விளைச்சலைக் குறைத்தால் அந்தக் குறைவை ஈடுகட்ட அதை வெளியே எடுக்கலாம். குறைவு ஏற்படவில்லையெனில் பழையதை அகற்றி, புதிய ஆண்டின் ஒயினை அதே அளவு இருப்பாக வைக்கலாம். ஐயக்கடனுக்கு வங்கிகள் ஒதுக்கீடு செய்வதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. இங்கு ஒதுக்கப்படுவது பணமன்று, ஒயின். பிரான்சில் இம்முறையை முதலில் சோதித்துப் பார்த்த பகுதிகளுள் ஷாப்லியும் ஒன்று.

காப்பீடும் உண்டு. பிரான்சில் 2023 முதல் நடைமுறைக்கு வந்த பயிர்க் காப்பீட்டு முறை இழப்பை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. திராட்சையைப் பொறுத்தவரை முதல் 20 விழுக்காடு வரையிலான இழப்பை உழவர் தாமே தாங்குவார். அதற்கு மேல் 50 விழுக்காடு வரை காப்பீட்டு நிறுவனம் ஏற்கும். அதற்கான சந்தாவுக்கு 70 விழுக்காடு வரை அரசு உதவித்தொகை கிடைக்கும். அதையும் தாண்டிய பேரிழப்பில் அரசு நேரடியாகப் பங்கேற்கும். சிறு இழப்புக்குத் தன்னிருப்பு, நடுத்தர இழப்புக்குக் காப்பீடு, பேரிழப்புக்குப் பொதுநிதி என்ற இந்தப் பகுப்பு நம்முடைய பயிர்க் காப்பீட்டைப் பற்றிப் பேசுவோரும் கவனிக்கத் தக்கது.

மூன்றாவது பாதுகாப்பு, கூட்டுறவு. 1923 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட லா ஷாப்லிசியன் என்னும் கூட்டுறவுச் சங்கம் இன்று ஷாப்லி ஒயினில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை வடிக்கிறது. சொந்தமாகப் பிழிபொறியும் நிலவறையும் வைத்துக்கொள்ள வசதியற்ற சிறு உழவர் தம் விளைச்சலை அங்கு ஒப்படைப்பர். ஒருவரது தோட்டம் பள்ளத்தில் கருகினும் மற்றொருவரது தோட்டம் மேட்டில் தப்பியிருக்கும். சங்கத்தின் மொத்த இருப்பு தனி ஒருவரின் இருப்பைப் போல ஊசலாடுவதில்லை. உறுப்பினர் எளிய உழவராயினும் சங்கம் எளியதன்று: அவ்வூரின் மிக உயர்ந்த நிலங்களுள் ஒன்றான கிரெனூயின் பெரும்பகுதி அதன் உடைமை.

பெயர் என்னும் சொத்து

இருநிலைக் குறிப்பில் எழுதப்படாத சொத்து ஒன்று ஷாப்லியில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. அது ஊரின் பெயர். 1919 ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்ப்பெயரைத் தவறாகப் பயன்படுத்துவோர்மீது வழக்குத் தொடுக்க வழிசெய்தது. 1935 இல் தேசிய அளவிலான தோற்றப்பெயர் முறை உருவானது. 1938 இல் ஷாப்லி அதற்குள் வந்தது. எந்நிலத்தில், எத்திராட்சையை, ஹெக்டேருக்கு எவ்வளவு விளைவிக்கலாம் என்பது வரை விதிகள் உண்டு.

கடலுக்கு அப்பால் இவ்விதிகள் செல்லவில்லை. அமெரிக்காவில் பல காலம் எந்த மலிவு வெள்ளை ஒயினும் ஷாப்லி எனப்பட்டது. 1960களில் அங்கு இளஞ்சிவப்பு ஷாப்லி என்றொரு சரக்கும் விற்பனையானது. ஷாப்லி ஊரில் அப்படியொன்று சட்டப்படி இருக்கவே முடியாது. ஆஸ்திரேலியா ஐரோப்பாவுடன் செய்த உடன்பாடுகளின்படி இப்பெயரைக் கைவிட்டது. அமெரிக்காவுடன் 2006 இல் ஏற்பட்ட உடன்பாடு புதிய பயன்பாட்டைத் தடுத்ததெனினும், ஏற்கெனவே இருந்த வணிகப் பெயர்களைத் தொடர விட்டது. இந்தியாவின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999 இல் இயற்றப்பட்டு 2003 இல் நடைமுறைக்கு வந்தது. முதல் பதிவு டார்ஜிலிங் தேயிலைக்கு. உலக வணிக அமைப்பின் உடன்படிக்கையில் ஒயினுக்கும் சாராய வகைகளுக்கும் மட்டும் தரப்பட்டுள்ள கூடுதல் பாதுகாப்பைத் தேயிலை, அரிசி போன்றவற்றுக்கும் நீட்டிக்க வேண்டுமென இந்தியா நெடுங்காலமாக வாதிட்டு வருவதற்குப் பின்னே இத்தகைய அனுபவங்கள் உள்ளன.

பெயருக்கு ஆபத்து வெளியிலிருந்து மட்டும் வருவதன்று. 1970களில் ஷாப்லியின் எல்லையை விரிக்கலாமா என்று ஊரே இரண்டாகப் பிரிந்தது. கிம்மரிட்ஜ் மண் உள்ள இடமே ஷாப்லி என்று வில்லியம் ஃபேவ்ர் தலைமையில் ஓர் அணி வாதிட்டது. சரிவும் வெயிலும் பொருந்திய அண்டை நிலங்களையும் சேர்க்கலாம் என்று ஜான் துரூப் தலைமையில் மற்றோர் அணி. இறுதியில் விரிவாக்க அணியே வென்றது. பங்கு மூலதனத்தைப் பெருக்கும்போது பழைய பங்குதாரரின் பங்கு மெலிவது போன்ற வழக்கு இது. என் கணிப்பில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. 500 ஹெக்டேரில் நின்றிருந்தால் அப்பெயர் உலகச் சந்தையில் அரிய பொருளாகச் சுருங்கியிருக்கும். விரிந்ததால் தரம் புட்டிக்குப் புட்டி வேறுபடுகிறது.

புட்டியின் மேல் எழுதியிருப்பது

அந்த வேறுபாட்டை அறிய லேபிளில் நான்கு படிகளைப் பார்க்க வேண்டும். மேட்டுச் சமவெளிகளின் சற்று இளைய சுண்ணாம்பு மண்ணில் பெரும்பாலும் விளைவது பெத்தி ஷாப்லி. ஓரிரு ஆண்டுகளில் அருந்தத்தக்கது. அடுத்தது ஷாப்லி, மொத்தப் பரப்பின் பெரும்பகுதி இதுவே. அதற்கு மேல் பிரமியே க்ரூ; 40 நிலப்பெயர்கள் இவ்வரிசையில் உள்ளன. உச்சியில் கிரான் க்ரூ. செரன் ஆற்றின் வலக்கரையில், தென்மேற்கு நோக்கிய ஒரே சரிவில் பிளாஞ்ஷோ, பூக்ரோ, லே க்ளோ, கிரெனூய், ப்ரோஸ், வல்மூர், வோதேசிர் என ஏழு நிலங்கள், மொத்தம் ஏறத்தாழ 100 ஹெக்டேர். மாலை வெயிலை முழுதும் வாங்கும் சரிவு அது.

கிரான் க்ரூ பத்து ஆண்டுகளுக்கு மேலும் முதிரும். முதிரும் காலமெல்லாம் விளைவிப்பவரின் மூலதனம் நிலவறையில் முடங்கிக் கிடக்கும் என்பதும் அதன் விலையில் அடங்கியது. முதிர முதிர எலுமிச்சை மணம் விலகி, தேன், கொட்டைப் பருப்பு, காளான் ஆகியவற்றின் சாயல் வரும். புளிப்பு மட்டும் அடியில் நிற்கும். இந்நிலையில் அதைச் சிப்பியுடன் வைப்பது வீண். பாலேட்டில் வேகவைத்த கோழி, வெண்ணெயில் வதக்கிய காளான், வெண்ணெய்ச் சாறு ஊற்றிய பெருமீன், நண்டினத்துப் பெரிய இறால் ஆகியவை இதற்கு உரியவை. ஓராண்டுக்கு மேல் முதிர்ந்த கோந்தே பாலாடைக்கட்டியின் கொட்டைப் பருப்பு மணமும் இதனுடன் இணங்கும். எப்வாஸ் என்னும் நெடிமிக்க பர்கண்டிக் கட்டிக்குச் சிவப்பு ஒயினைத் தேடுவோர் பலர். அதனுடன் ஒரு முதிர்ந்த ஷாப்லியைச் சுவைத்தவர் அத்தேடலைக் கைவிடக்கூடும்.

பரிமாறும் வெப்பநிலை இளம் ஒயினுக்கு 10 பாகையை ஒட்டியும், முதிர்ந்ததற்கு 12 பாகை வரையும் இருப்பது நலம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு அருந்தினால் புளிப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது. கால்மணி நேரம் வெளியே வைத்துவிடலாம்.

ஷாப்லி முறை ஹாம் என்றோர் உணவு அவ்வூர் வீடுகளில் உண்டு. நறுக்கிய சிறுவெங்காயத்தை ஷாப்லி ஒயினில் சுண்டவைத்து, தக்காளிச் சாற்றையும் பாலேட்டையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, ஹாம் துண்டுகளின்மேல் ஊற்றிச் சூளையில் வைத்தெடுப்பர். தட்டில் எஞ்சும் சாற்றை ரொட்டியால் துடைத்துத் தின்பதும் வழக்கம். சட்டிக்குள் ஊற்றப் பெத்தி ஷாப்லியே போதும். பத்தாண்டு காத்திருந்த கிரான் க்ரூவை அடுப்பில் ஏற்ற ஷாப்லியில் எவரும் உடன்படார்.